தொளதொளத்த சட்டையும் வெந்நீர் அண்டாவும்

சட்டை வாங்கும் குடும்பங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். உடம்பை அளந்து சட்டை வாங்கும் குடும்பம் ஒரு வகை. இன்னும் இரண்டு வருஷத்தில் அந்த உடம்பு எப்படி இருக்கும் என்று உத்தேசித்து வாங்கும் குடும்பம் மற்றொரு வகை. தீபாவளிச் சமயத்தில் துணிக்கடைகளில் கூடுவோரில் இரண்டாம் வகையாரே அதிகம். "வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே கொடுங்கள்" என்ற வாக்கியத்தைக் கேளாத கடைக்காரர் தமிழ் நாட்டில் இருக்க முடியாது. அந்த வளர்கிற பிள்ளையோ, கடைக் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு தன் கைவிரல்கள் எங்கே போயின என்று தேடிக்கொண்டிருக்கும்.

இந்தச் சங்கடம் பிள்ளைகளோடு நின்றுவிடுவதும் இல்லை. அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிறது. வெளியூரிலிருக்கும் மாமா, மருமகனை ஐந்து வருஷத்துக்கு முன் பார்த்த ஞாபகத்தில் ஓர் அளவைக் குத்துமதிப்பாய்ச் சொல்லிப் பரிசு அனுப்புகிறார். வீட்டு வாசலுக்கே பெட்டியில் வந்து சேரும் ஆடைகளில் எண் ஒன்றாகவும் உடுப்பு வேறாகவும் இருப்பதுண்டு. நோயில் கிடந்து எழுந்தவருக்கோ, அலமாரியிலுள்ள சட்டைகள் எல்லாமே யாரோ ஒருவருடையவை போல் ஆகிவிடுகின்றன. அவரிடம் போய்ப் புதிதாக ஒரு டஜன் வாங்கிக்கொள்ளும்படி சொல்வது யாருக்கும் எளிதன்று.

இம்மாதிரி சமயங்களில் இலவச யோசனைக்கு நம் வீடுகளில் பஞ்சம் ஏது? "இதற்கா கவலை? கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடு. தானே சுருங்கிவிடும்!" என்று ஒரு குரல் கேட்கும். அண்டா அடுப்பில் ஏறும். சட்டை அண்டாவில் இறங்கும். அதன் பிறகு என்ன ஆகும் என்பது சட்டையின் ஜாதகத்தைப் பொறுத்தது.

அந்த யோசனை பாதி மெய். மற்றப் பாதியில்தான் நல்ல துணிகள் பாழாகின்றன. ஆகவே, வெந்நீர் எந்தத் துணியை எவ்வளவு சுருக்கும், எந்தத் துணியை அடியோடு கெடுக்கும், எந்தத் துணி அதைக் கண்டு சிறிதும் அசையாது என்பவற்றை ஒருமுறை நன்றாகத் தெரிந்துகொள்வது குடும்பத்துக்கு லாபம்.

பாவும் ஊடையும்

துணி ஏன் சுருங்குகிறது என்பதை அறிய வேண்டுமானால், அது பிறக்கும் இடத்துக்குப் போக வேண்டும். நெசவாளர் வாழும் ஊர்களில் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்து, இரு புறமும் இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து உலர்த்தும் காட்சியை நேயர்களில் பலர் கண்டிருக்கலாம். துணியின் நீளவாட்டில் ஓடும் நூலே பாவு. அது தறியில் ஏறிய பிறகும் விறைப்பாக இழுக்கப்பட்டே நிற்கிறது. குறுக்கே ஓடும் ஊடை நூல், பாவு இழைகளுக்கு மேலும் கீழுமாகப் புகுந்து போகிறது. பெரிய ஆலைகளில் நெய்த துணியும், அதன்பின் வெளுப்பு, சாயம், உலர்த்தல் என்று ஒவ்வோர் இயந்திரமாகப் போகும்போது மேலும் மேலும் நீளவாட்டில் இழுபடுகிறது. இழுபட்ட நிலையிலேயே உலர்ந்து, இழுபட்ட நிலையிலேயே இஸ்திரியும் ஆகிவிடுகிறது.

ஆக, கடையில் நாம் வாங்கும் பருத்தித் துணி, கயிற்றுக் கட்டிலில் கால்களை நீட்டியபடியே உறங்கிவிட்ட மனிதனைப் போன்றது. தண்ணீர் பட்டால் விழித்துக்கொண்டு கால்களை மடக்கிக்கொள்ளும்.

தண்ணீர் செய்வது இதுதான். பருத்தி இழை நீரைக் குடித்துப் பருக்கிறது. நீளத்தில் அது ஏறக்குறைய மாறுவதில்லை. குறுக்கில்தான் நன்றாகப் பருக்கிறது. வேலிக் கம்புகளுக்கு இடையே முன்னும் பின்னுமாக வளைத்துக் கட்டிய ஒரு கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கம்புகள் எல்லாம் திடீரென்று பருத்துவிட்டால், ஒவ்வொன்றையும் சுற்றி வர அதிகக் கயிறு வேண்டும். கயிறோ அதே நீளந்தான். ஆகவே கம்புகள் ஒன்றையொன்று நெருங்கித்தான் வர வேண்டும். பாவுக்கும் ஊடைக்கும் நடுவே நடப்பதும் இதுவே. அதோடு, உலர்ந்த இழைகளை நீட்டிய நிலையிலேயே பிடித்து வைத்திருந்த பிணைப்புகளையும் நீர் தளர்த்திவிடுகிறது. நூல்கள் தம் இயல்பான நெளிவுக்குத் திரும்புகின்றன. துணி குறுகுகிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை விளங்கும். பருத்தித் துணியின் சுருக்கம் நாம் அதற்குப் புதிதாகச் செய்யும் காரியம் அன்று; தறியும் ஆலையும் இழுத்ததைத் துணி திரும்பப் பெற்றுக்கொள்கிறது, அவ்வளவே. இழுத்தது எவ்வளவோ, சுருங்குவதும் ஏறக்குறைய அவ்வளவுதான். திரும்ப வேண்டியதெல்லாம் திரும்பிய பிறகு, அண்டாவுக்குக் கீழே விறகு வண்டியையே கவிழ்த்தாலும் பெரிய பயன் இராது.

கொஞ்சம் கணக்கு

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு சட்டையின் மார்புச் சுற்று 44 அங்குலம். நமக்கு வேண்டியது 40 என்று வைத்துக்கொள்வோம். 4 அங்குலம் குறைய வேண்டும். அதாவது நூற்றுக்கு 9 பங்கு. ஆனால் முன்கூட்டிச் சுருக்கப்படாத சாதாரணப் பருத்தித் துணி முதல் சில சலவைகளில் நீளவாட்டில் சுருங்குவது பெரும்பாலும் நூற்றுக்கு 3 முதல் 5 வரைதான். குறுக்குவாட்டில் அதைவிடக் குறைவு. ஏனென்றால், இழுபட்டுக் கஷ்டப்பட்டது பாவு நூலே தவிர, ஊடை நூல் அன்று.

சட்டையை வெட்டும் தையற்காரர் பாவு நூல் மேலிருந்து கீழாக ஓடும்படிதான் துணியை வைக்கிறார். கைக்கும் அப்படியே. ஆகவே 30 அங்குல உயரமுள்ள சட்டை நூற்றுக்கு 5 பங்கு சுருங்கினால், உயரத்தில் ஒன்றரை அங்குலம் போய்விடும். கையும் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் ஏறிக்கொள்ளும். மார்பிலோ குறைந்தது கண்ணுக்குத் தெரியாது. முடிவில் கிடைப்பது என்ன? அகலத்தில் இரண்டு பேர் புகலாம். உயரத்தில் ஒருவருக்கும் போதாது! வெந்நீர் வைத்தியத்தின் தோல்விகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தால் விளைந்தவையே.

எனவே முதல் விதி இது: சட்டை நீளத்தில் பெரிதாக இருந்தால் தண்ணீரை நம்பலாம். அகலத்தில் பெரிதாக இருந்தால் தண்ணீரை நம்புதல் ஆகாது. தோள் பெரிதாக இருந்தாலோ, தையற்காரரே தயங்குவார். தண்ணீர் என்ன செய்யும்?

துணியிடம் இன்னும் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று அறிய ஒரு சுலபமான சோதனையும் உண்டு. சட்டையின் உட்புறத்தில், நீளவாட்டில் சரியாக 10 அங்குல இடைவெளி விட்டு வண்ண நூலால் இரண்டு தையல் போடுங்கள். குறுக்குவாட்டிலும் அவ்வாறே இரண்டு. பிறகு சட்டையைச் சாதாரண நீரில் நன்றாக ஊறவைத்து, பிழியாமல் உலர்த்தி, மறுபடி அளந்து பாருங்கள். 10 அங்குலம் ஒன்பதரை ஆகியிருந்தால் நூற்றுக்கு 5 பங்கு. 10 அங்குலம் அப்படியே இருந்தால், அந்தத் துணி ஏற்கனவே தன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை மேலும் துன்புறுத்த வேண்டாம்.

ஆலைக்காரர் முந்திக்கொண்டார்

புதுச் சட்டைகளில் பலவற்றில் இந்தச் சோதனை "பாக்கி இல்லை" என்றே விடை சொல்லும். அதற்குக் காரணம் ஆலைக்காரரின் கெட்டிக்காரத்தனம்.

துணியைச் சுருக்குவது பற்றிய விஞ்ஞானம் இங்கிலாந்தில் லங்காஷயர் பிரதேசத்தில் தற்செயலாய்த் தொடங்கியது எனலாம். ஜான் மெர்சர் என்னும் துணி அச்சடிப்பாளர் 1844-ஆம் ஆண்டில் காஸ்டிக் சோடாக் கரைசலைப் பருத்தித் துணியில் வடிகட்டினார். கரைசல் வடிந்தது, துணியோ தடித்து, குறுகி, முன்னைவிட உறுதியாகி, சாயத்தையும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. 1850-இல் அவர் இதற்கு உரிமை பெற்றார். எனினும், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் துணியே காணாமல் போய்விடுவதை எந்த வியாபாரி பொறுப்பான்? சுமார் நாற்பது வருஷம் கழித்து ஹொரேஸ் லோ என்பவர், துணியைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டே இதைச் செய்தால் பட்டுப் போன்ற பளபளப்பு வருவதைக் கண்டார். கடைகளில் 'மெர்சரைஸ்டு வேட்டி' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பெயரில் வாழ்கிறவர் இந்த மெர்சர்தான். வீட்டில் காஸ்டிக் சோடாவால் துணியைச் சுருக்கிப் பார்க்கலாமே என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். அது தோலையும் கண்ணையும் அரித்துவிடும் பொருள்.

அமெரிக்காவில் நியூயார்க் ராஜ்யத்திலுள்ள டிராய் நகரம் ஒரு காலத்தில் சட்டைக் காலர்களுக்குப் பேர் போனது. சலவைக்குச் சலவை காலர் சுருங்கி, அணிந்தவர் கழுத்தை நெரிக்கும் தொல்லை அங்கே பெரிய வியாபாரப் பிரச்சினை. அவ்வூர்க் காலர்க் கம்பெனி ஒன்றைச் சேர்ந்த சான்ஃபோர்டு க்ளூயெட் என்பவர் 1930-ஆம் ஆண்டை ஒட்டி இதற்கு ஓர் உபாயம் கண்டார். ஈரப்படுத்திய துணியை, நீட்டப்பட்ட ஒரு தடித்த விரிப்பின் மேல் ஒட்டி ஓட விட்டார். விரிப்பு தன் நிலைக்குச் சுருங்கும்போது, அதனோடு ஒட்டிய துணியும் நீளவாட்டில் நெருக்கப்பட்டுச் சுருங்கியது. சட்டை வாங்குகிறவர் வீட்டில் நடக்க வேண்டிய சுருக்கத்தை ஆலையிலேயே நடத்திவிட்டார்கள். இவ்வாறு செய்த துணி அதன்பின் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் சுருங்குவதில்லை. அவர் பெயராலேயே இது 'சான்ஃபரைஸ்' செய்தல் எனப்படுகிறது. நம் திருப்பூரிலும் பனியன் துணியை நீளவாட்டில் நெருக்கிச் சுருக்கும் இயந்திரங்கள் ஓடுகின்றன.

இதற்கு நேர் எதிராக, சுருங்குவதையே விற்பனைக்குரிய குணமாக்கிய கதையும் உண்டு. லீவைஸ் கம்பெனியாரின் '501' என்னும் டெனிம் காற்சட்டையில் முன்கூட்டிச் சுருக்காத வகை ஒன்று பல காலமாக விற்கப்பட்டு வருகிறது. அத்துணி நூற்றுக்குச் சுமார் 10 வரை சுருங்கும். ஆகவே வாங்குகிறவர்கள் சில அங்குலம் பெரிதாகவே வாங்கி, வெந்நீர் நிறைந்த குளியல் தொட்டியில் காற்சட்டையோடு அமர்ந்து, உடம்பிலேயே அதை உலரவிடுவார்கள். கேட்க வேடிக்கையாயினும், அவர்கள் சுருக்கத்தைக் கணக்கிட்டே வாங்குகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவற்றிலிருந்து தெரிவது என்ன? வெந்நீர் வைத்தியம் பலிக்கக்கூடியது முன்கூட்டிச் சுருக்காத துணிகளில்தான். கைத்தறித் துணியும் கதரும் அந்த வகையில் முதன்மையானவை. கைநூற்பில் வரும் நூல் தண்ணீரை ஆசையோடு குடிக்கும்; எந்த இயந்திரமும் அதை முன்னதாக நெருக்கிவைக்கவில்லை. கதர்த் துணியை முதலில் நனைத்துக் காயவைத்த பின்பே ஜிப்பாவுக்குத் தையற்காரரிடம் கொடுப்பது நம் பெரியோர்களின் வழக்கம். காரணம் சொல்லாவிட்டாலும் காரியம் சரியாகவே செய்தார்கள்.

பருத்திக்குச் செய்முறை

சோதனையில் பாக்கி உண்டு என்று தெரிந்தால், பின்வருமாறு செய்யலாம்.

முதலில், சட்டையை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் சாயம் கழன்றால், கூட இருக்கும் வெள்ளை வேட்டி அதைத் தானமாகப் பெற்றுக்கொள்ளும். சட்டையின் ஓர் உள்மூலையை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் இந்த முயற்சியை அதோடு விட்டுவிடுவது நல்லது.

கொதிநீர் தேவையில்லை. 60 முதல் 70 டிகிரி சென்டிகிரேடு, அதாவது கை வைக்க முடியாத ஆனால் கொதிக்காத நீர், போதுமானது. நெய்த துணி சாதாரண நீரிலேயே பெரும் பகுதி சுருங்கிவிடும். மிச்சத்தை வரவழைக்கத்தான் உஷ்ணமும் அசைவும். வாளியில் நீரை ஊற்றிச் சட்டையை முழுவதும் முழுகவிட்டு, மரக் குச்சியால் இடையிடையே கிளறி, நீர் ஆறும் வரை, சுமார் அரை மணி நேரம், விட்டுவையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அந்த வாளியைத் தரையில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது. சட்டை பெரிதாயிருப்பது சிறிய துன்பம். வெந்நீர் கொட்டிய குழந்தை பெரிய துன்பம்.

பிறகு முறுக்கிப் பிழியாமல், கையால் அழுத்தி நீரை வடித்துவிடுங்கள். பனியன் போன்ற பின்னல் ஆடைகளைக் கொடியில் தொங்கவிட்டால், குடித்த நீரின் கனமே அவற்றை மறுபடி கீழே இழுத்துவிடும். சுருங்கியதெல்லாம் வீண். ஆகவே அவற்றைப் பாயின் மேல் விரித்து உலர்த்த வேண்டும். துணி உலர்த்தும் இயந்திரம் உள்ளவர்களுக்குப் பின்னல் ஆடையைச் சுருக்குவதில் அதுவே நல்ல துணை. உஷ்ணத்தோடு உருட்டலும் சேரும்போது, பின்னலின் கண்ணிகள் தளர்ந்து தம் இயல்பான உருவுக்கு வந்துவிடும். ஆனால் பின்னல் ஆடை உயரத்தில் குறையும்போது சில சமயம் அகலத்தில் விரிவதும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

இஸ்திரி போடும்போது பெட்டியால் துணியை நீளவாட்டில் இழுக்காமல், எடுத்து எடுத்து அழுத்த வேண்டும். உலர்ந்ததும் அளந்து பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு முறை செய்யலாம். இரண்டு முறைக்குப் பின்னும் அளவு மாறவில்லையென்றால், நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் சாயமும் நூலின் ஆயுளும் குறையுமே தவிர, சட்டை குறையாது.

கம்பளியிடம் விளையாடக் கூடாது

இதுவரை சொன்னதெல்லாம் பருத்திக்கு. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வாங்கிய கம்பளிச் சட்டையைப் பருத்தி என்று நினைத்து அண்டாவில் இட்டவர்கள், பெரியவருக்கு வாங்கியதைப் பொம்மைக்குப் போடும்படி ஆகியிருப்பதைக் காண்பார்கள்.

ஆட்டு ரோமத்தின் மேற்புறத்தில், மீனின் செதில் போல் நுண்ணிய செதில்கள் உண்டு. அவை எல்லாம் ஒரே திசையை நோக்கியிருக்கும். அதனால் ரோமம் ஒரு பக்கமாக எளிதில் நகரும். எதிர்ப் பக்கமாக நகராது. நீரும் உஷ்ணமும் சோப்பும் கசக்கலும் சேர்ந்தால், ஒவ்வோர் இழையும் முன்னே ஊர்ந்து ஊர்ந்து அடுத்த இழைகளுக்குள் புகுந்து சிக்கிக்கொள்கிறது. திரும்பி வரச் செதில்கள் விடுவதில்லை. துணி தடித்து, விறைத்து, பாதி அளவுக்குக்கூடக் குறைந்துவிடலாம். பருத்தி வீடு திரும்புகிறது என்றோம். கம்பளியோ வீட்டை விட்டே ஓடிவிடுகிறது. அதை மறுபடி பழைய உருவத்துக்குக் கொண்டுவர முடியாது.

இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்திக்கொண்ட மக்களும் உண்டு. காஷ்மீரத்தில் 'நம்தா' என்னும் விரிப்புக்கு நெசவே கிடையாது. ரோமத்தை அடுக்கடுக்காய்ப் பரப்பி, சோப்பு நீர் தெளித்து, சுருட்டி மிதித்தே அதை உருவாக்குகிறார்கள். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில், தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணியை ஈரத்தோடு பலகையின் மேல் வைத்து, பெண்கள் இரு புறமும் அமர்ந்து, பாட்டின் தாளத்துக்கு ஏற்ப அடித்துத் தடிக்கச் செய்வார்கள். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை அது அங்கே சாதாரணக் குடும்ப வேலை. பாட்டுக்குப் பாட்டு நடுவிரலால் துணியின் அகலத்தை அளந்து, போதும் என்றதும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தத் தெரிந்தவர்களுக்கே கம்பளி கட்டுப்படும். மூடியிட்ட சலவை இயந்திரத்துக்கு அளந்து பார்க்கவும் தெரியாது, நிறுத்தவும் தெரியாது.

ரோமத்தின் செதில்களை ரசாயனத்தால் மழுக்கி, மேலே மெல்லிய பூச்சு கொடுத்து, இயந்திரத்தில் துவைக்கத் தகுந்ததாகச் செய்த கம்பளியும் விற்கிறது. அது இவ்வாறு சிக்கிச் சுருங்காது. ஆகவே கம்பளிச் சட்டை பெரிதாயிருந்தால், தகுந்த உடம்பைத் தேடிக் கொடுத்துவிடுவதே உத்தமம்.

மற்றத் துணிகள்

பாலியெஸ்டர் துணியை எவ்வளவு வேகவைத்தாலும் அது சிரித்துக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்னும் இருவர் 1941-இல் கண்டுபிடித்த இழை இது. ஆலையில் இதை ஏறக்குறைய 200 டிகிரி உஷ்ணத்தில் வைத்து, 'இதுதான் உன் அளவு' என்று நிலைப்படுத்திவிடுகிறார்கள். நம் வீட்டு வெந்நீரோ 100 டிகிரியைத் தாண்டாது. குருவின் உபதேசத்தை வழிப்போக்கன் மாற்ற முடியுமா? பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த டெரிகாட்டன் துணியும் மிகச் சிறிதளவே அசையும். இஸ்திரிப் பெட்டியின் கடும் சூட்டால் அதை வழிக்குக் கொண்டுவரலாம் என்று முயன்றால், துணி சுருங்காது, உருகிப் பளபளக்கும்.

ரேயான் துணி பருத்தியைவிடவும் அதிகமாகச் சுருங்கக்கூடியது. ஆனால் நனைந்த நிலையில் அது மிகவும் பலவீனமாகிவிடும். வெந்நீரில் கிளறினால், அளவோடு ஆயுளும் குறைந்து போகலாம். பட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. காஞ்சீபுரம் பட்டு ரவிக்கையை வெந்நீரில் இட்டால், அதன் மெருகும் சாயமும் சரிகையும் ஒன்றாய்க் கெடும். இழுத்தால் நீளும் ஸ்பான்டெக்ஸ் நூல் கலந்த ஆடைகளிலும் கடும் உஷ்ணம் ஆகாது. சுருங்குவதற்குப் பதிலாக, அந்த நூல் தளர்ந்து, ஆடை முன்னிலும் தொளதொளத்துப் போகும்.

ஆடையின் உட்கழுத்திலோ விலாத் தையலிலோ தொங்கும் சிறு பட்டையில் நூலின் ஜாதி எழுதியிருக்கும். அடுப்பை மூட்டும் முன் அதைப் படித்துவிட்டால் பாதி நஷ்டம் தவிர்ந்துவிடும்.

ஊசிக்கு உள்ள தர்மம்

இத்தனைக்கும் பிறகு, பெரிய சட்டைக்கு நல்ல வைத்தியர் யார் என்று கேட்டால், தெருக்கோடியில் மிதியியந்திரம் மிதித்துக்கொண்டிருக்கும் தையற்காரரையே நாம் கைகாட்டுவோம். அகலத்தில் தண்ணீரால் ஆகாததை அவர் அரை மணி நேரத்தில் செய்துவிடுவார். விலாத் தையலை இரு புறமும் ஓரோர் அங்குலம் உள்ளே பிடித்தால், சுற்றளவில் 4 அங்குலம் குறைந்துவிடும். நாம் முன்னே கணக்கிட்ட 44 அங்குலச் சட்டை 40 ஆகிவிட்டது. உயரத்தில் ஒரு நூல்கூடக் குறையவில்லை. கையையும் அதே தையலின் தொடர்ச்சியாகப் பிடித்துவிடலாம். தோள் மட்டும் சரியாக இருக்க வேண்டும். அதைக் குறைக்க வேண்டுமானால் கையைப் பிரித்தெடுத்து மறுபடி வைக்க வேண்டும். கூலியும் அதற்கேற்ப ஏறும்.

பிடித்த பிறகு உள்ளே நிற்கும் துணியை வெட்டிவிட வேண்டாம் என்று தையற்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் தண்ணீருக்கும் ஊசிக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இருக்கிறது. தண்ணீரால் குறைந்த அங்குலம் நமக்குத் திரும்பக் கிடைப்பது அரிது. கம்பளியில் கிடைக்கவே கிடைக்காது. ஊசியால் குறைந்த அங்குலம் தையலுக்கு உள்ளே பத்திரமாக இருக்கிறது. நோயிலிருந்து எழுந்தவர் ஆறு மாதத்தில் தேறி உடம்பு பிடித்தால், அந்தத் தையலைப் பிரித்தால் போதும். அவருக்குப் பழைய சட்டை திரும்பி வருகிறது. அதோடு ஒரு நல்ல செய்தியும் வருகிறது.

நம் பெண்மணிகளுக்கு இந்தத் தத்துவம் புதிதன்று. ரவிக்கையில் உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்வது எதற்காக? சேலையின் ஓரத்தில் வைக்கும் பருத்தி 'ஃபால்ஸ்' பட்டையை முதலில் நனைத்துக் காயவைத்துத் தைப்பது எதற்காக? பட்டை பிறகு சுருங்கினால், சேலையின் கரையையும் சேர்த்து இழுத்து நெளியவைத்துவிடும் என்பதற்காக. சுருங்க வேண்டியது தைப்பதற்கு முன்னே சுருங்கட்டும். குறைக்க வேண்டியது தையலில் குறையட்டும். ஆடை விஷயத்தில் இதைவிடச் சிறந்த நியதி கிடையாது.

வளர்கிற பிள்ளைக்கும் இதே வழிதான். சிறுமியின் பாவாடையை இரண்டு வருஷத்துக்குப் போதுமான நீளத்தில் தைத்து, அடியில் இரண்டு மூன்று மடிப்புகள் பிடித்து, இன்றைய உயரத்துக்குச் சரியாக உடுத்திவிடுவது நம் வீடுகளின் பழைய வழக்கம். அவள் வளர வளர ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவார்கள். குழந்தை இன்றைக்கும் தொளதொளத்த உடையில் தடுக்கி விழவில்லை. நாளைக்கும் துணி போதாமல் நிற்கவில்லை. பிரித்த இடத்தில் சாயம் மங்காத கோடு ஒன்று மட்டும் தெரியும். எத்தனை கோடுகள் இருக்கின்றன என்று எண்ணினால், பிள்ளை எத்தனை தீபாவளி வளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.